இன்ஜினின் உடம்பு

வடகரைப் பொதுச் சேமக்கிடங்கு வாரியத்துக்கு ஆபீஸ் ராயபுரத்தில், கிடங்கு எண்ணூரில். சரக்கு வைக்க எண்ணூரில்தான் இடம் கிடைத்தது. அதிகாரிகள் உட்கார ராயபுரத்தில்தான் காற்று வந்தது. வேறு காரணம் கிடையாது. நடுவில் ரயில்வே கேட்டுகள், டேங்கர் லாரிகள், உப்பளம், திருவொற்றியூரில் தேர் ஓடுகிற நாளில் தேரும். ராயபுரத்துக்கு வந்து ஒருவர் "என் சரக்கு பத்திரமா இருக்குதா?" என்று கேட்டால், சைக்கிளில் ஒரு ஆள் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் கேட்டவருக்கே எதைக் கேட்டோம் என்பது மறந்துபோகும். கிடங்கில் ஒரு டெலிபோன் இருந்தது. உப்புக்காற்று தின்று அது ஊமையாகி வெகுகாலம் ஆயிற்று. அதைப் பழுது பார்க்கலாமே என்று சொன்ன குமாஸ்தாவை, தொலைநோக்கு இல்லாதவர் என்று வாரியம் முடிவு கட்டி வைத்திருந்தது.

தொலைநோக்கு உள்ளவர் செயலாளர் குணசேகரன். அவர் ஒரு கலியாணத்துக்குப் போன இடத்தில் அவதானம் பார்த்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்திருந்த சிவந்திப் புலவர் மேடையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, ஒருவர் முதுகில் நெல்மணிகளை எறிந்தார், ஒருவர் மணியடித்தார், ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தார், ஒருவர் தன் மாமனார் பிறந்த தேதியைச் சொல்லிக் கிழமை கேட்டார். எல்லாவற்றையும் புலவர் ஒரே தலையில் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்தார். செயலாளருக்குப் புல்லரித்தது. எண்ணூர்க் கிடங்கு மொத்தத்தையும் இந்தத் தலையில் இறக்கி வைத்தால் என்ன என்று அங்கேயே தோன்றிவிட்டது. தோன்றியதும் பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவதானம் எப்படி முடிகிறது என்று பார்க்காமலே செயலாளர் சாப்பிடப் போய்விட்டார்.

இப்படி ராயபுரம் ஆபீஸில் புலவருக்கு மெத்தை வைத்த நாற்காலி போடப்பட்டது. தொடக்க விழாவில் செயலாளர் முழங்கினார்: "இருப்பது இருக்கிறதா என்று இருக்குமிடம் தேடி ஓடிய இருண்ட காலம் இன்றோடு ஒழிந்தது! புலவர் இருக்கிறது என்றால் இருக்கிறது! இல்லை என்றால், இருந்தாலும் இல்லை! எங்களுக்கு வேண்டியது வேகம். உண்மை, ஓய்வு கிடைத்தபோது வந்து சேரட்டும்!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தட்டியவர்கள் வாரிய ஊழியர்கள்.

நடைமுறை எளிது. சரக்கு வைக்க வருகிறவர் கவுண்டரில் பேரையும் சரக்கையும் சொல்ல வேண்டும். பியூன் வெண்கல மணியை ஒரு தட்டுத் தட்டுவார். புலவர் கண்ணை மூடி, "ஏற்றேன்" என்பார். அந்த நொடியே சரக்கு கிடங்கில் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். சாமான் பின்னால் லாரியில் போகும். புலவரும் வாரியத்தின் ஜீப்பில் எண்ணூர் போய், தலையில் உள்ளதைக் கிடங்கில் ஒப்புவித்துவிட்டு வருவார். எப்போது என்றால், ஜீப் சும்மா இருக்கும்போது.

கஸ்பாருக்கு இதெல்லாம் தெரியாது. ராயபுரம் சர்ச்சுக்குப் பின்சந்தில் வீடு, கரையில் ஒரு படகு. அந்தப் படகில் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். தகப்பன் காலத்திலிருந்து துடுப்பு போட்டுக் கை காய்த்த குடும்பத்தில் முதல் இன்ஜின். அதன் மேல் நீலப் பெயிண்டில் ஒரு சிலுவை எழுதியிருந்தான். "என் தலைக்கு எண்ணெ வெச்ச நாளு ஒண்ணு காட்டு பாக்கலாம். அதுக்கு மட்டும் தெனம் எண்ணெ ஊத்திக்கினு கீற" என்று அவன் மனைவி ஹில்டா குத்திக் காட்டுவாள். அவளும் அதன்மேல் பிரியமாகத்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் முந்தானையால் அதைத் துடைத்துவிடுவாள்.

எழுபதாம் வருஷம் ஐப்பசியில் புயல் கொடி ஏற்றினார்கள். கூடவே உத்தரவு: படகு இன்ஜின்களைக் கழற்றி வாரியத்தின் பாதுகாப்பில் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்காத படகுக்கு லைசென்ஸ் ரத்து. கஸ்பார் இன்ஜினைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனான். கவுண்டரில் பேர் சொன்னான். மணி அடித்தது. புலவர் "ஏற்றேன்" என்றார். இன்ஜினை முற்றத்துக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து, கொட்டுகிற மழையில் அந்தப் பக்கம் போனவன் திகைத்து நின்றுவிட்டான். இன்ஜின் கொடிக்கம்பத்தடியில் குளித்துக்கொண்டிருந்தது. செயலாளர் அறைக்கு ஓடினான்.

"சார், என் இன்ஜினு மழைல நனஞ்சிகினு கீது சார்!"

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பியூனை அனுப்பிப் புலவரைக் கேட்டுவரச் சொன்னார். "இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது" என்று பதில் வந்தது.

"கேட்டீர்களா? பத்திரமாக இருக்கிறது."

"தோ பாரு சார், ஜன்னலாண்ட! அது இன்னா அப்போ?"

"அது இன்ஜின் இல்லை தம்பி. இன்ஜினின் உடம்பு. உயிர் புலவர் நினைவில் இருக்கிறது. உயிருக்குத்தான் வாரியம் பொறுப்பு. உடம்பு நனையும், காயும். அதற்கெல்லாம் கலங்கினால் நாடு முன்னேறாது."

கஸ்பார் வீட்டுக்குப் போய்த் தார்ப்பாய் கொண்டுவந்து இன்ஜின்மேல் போர்த்தினான். பியூன் வந்து அதை உருவிக் கையில் கொடுத்தார். வாரியத்தின் பாதுகாப்பில் உள்ள சரக்கின்மேல் வெளியார் துணி போடக்கூடாதாம். போட்டால் பாதுகாப்பு போதவில்லை என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்களாம். கஸ்பார் தார்ப்பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு வீடு திரும்பினான்.

புயல் நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது. கொடியை இறக்கினார்கள். இன்ஜினைத் திருப்பி வாங்கப் போனால் கவுண்டர் குமாஸ்தா கையை விரித்தார். ஒப்புவிப்பு ஆகாமல் விடுவிப்பு கிடையாது. புலவர் தலையில் உள்ள இன்ஜின் முதலில் எண்ணூர் போக வேண்டும்; போனால்தான் அங்கிருந்து எடுக்க முடியும். ஜீப் எங்கே என்று கேட்டான். அதில் வாரியத் தலைவர் வீட்டம்மா மகாபலிபுரம் போயிருந்தார். அடுத்த வாரம் கேட்டான். அம்மாவின் தங்கை வந்திருந்தார், அவரும் மகாபலிபுரம் பார்த்ததில்லை. இதற்கு நடுவில் ஒருநாள் லாரி வந்து முற்றத்தில் கிடந்த உடம்புகளை அள்ளிக்கொண்டு எண்ணூர் போயிற்று. லாரி தலைவரின் குடும்பத்துக்கு உதவாது என்பதால் அது மட்டும் ஒழுங்காக ஓடியது.

கவுண்டருக்கு முன்னால் தினமும் ஒரு வரிசை நிற்பதைக் கஸ்பார் அப்போதுதான் கவனித்தான். நிற்கிறவர்கள் யாரும் சரக்கு வைக்கவில்லை, எடுக்கவும் இல்லை. ஒவ்வொருவராகப் போய், "என் பீரோ இருக்குதா?", "என் நாலு மூட்டை மிளகாய் இருக்குதா?" என்று கேட்டார்கள். புலவர் "இருக்கிறது" என்றதும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"இன்னாக்கா இது, கோயிலா?" என்று வரிசையில் நின்ற ரஹீமுன்னிசாவைக் கேட்டான். அவள் துணி தைத்துப் பிழைக்கிறவள். மழைக்கு வீட்டுக்குள் தண்ணி வருமென்று தையல் மிஷினைக் கொண்டுவந்து வைத்தவள்.

"உனுக்கு யாரும் சொல்லலியா நைனா? அந்த புலவரு தலயில ஆயிரம் சாமான்தான் புடிக்கும். அதுக்கு மேல புச்சா ஒண்ணு வந்துச்சுன்னு வையி, ரொம்ப நாளா யாரும் கேக்காத சாமான் எதுவோ அது உதுந்து பூடும். அதான் தெனம் வந்து கேட்டு வெக்கறோம். கேட்டா புச்சா நிக்கும்."

"உதுந்தா?"

"உதுந்தா இல்ல. அவ்ளோதான்."

அன்று முதல் அவனும் வரிசையில் நின்றான். காலையில் கரைக்குப் போய் யாராவது கட்டுமரத்தில் கூலிக்கு ஏறலாம் என்றால் வரிசை போய்விடும். வரிசையில் நின்றால் கூலி போய்விடும். ஹில்டா அடுத்தவர் படகு மீனைக் கூடையில் சுமந்து வியாசர்பாடி வரை நடந்து விற்றாள். அவன், "கஸ்பார் இன்ஜின் இருக்குதா?" என்று கேட்பதற்காகப் பொழுதைப் போக்கினான். உழைத்துப் பழகிய உடம்பு அது. சும்மா நிற்பதற்கு வெட்கப்பட்டது.

வரிசையைப் பார்த்து வாரியம் பூரித்தது. கூட்டம் நாளுக்கு நாள் பெருகுகிறது, மக்களுக்கு நம்பிக்கை பெருகுகிறது! கேட்கிற கேள்விகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்குப் புலவர் எழுந்திருக்காமலே பதில் சொல்லிவிடுகிறார் என்று செயலாளர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டார். நேற்றுக் கேட்டவனே இன்றும் வந்து அதையே கேட்டால் பதில் ஏன் வராது? மிச்சம் இரண்டு பேர் யார் என்று எவரும் விசாரிக்கவில்லை. அவர்கள் கவுண்டரில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டு, போலீஸ் வந்து எழுப்ப எழுந்து போனவர்கள்.

தலைவரின் மாமியாருக்கு அண்டா குண்டா, தேக்குக் கட்டில் என்று ஒரு வீட்டுச் சாமான் மொத்தமும் அங்கே இருந்தது. அவற்றைக் கேட்பதற்கென்றே இரண்டு பியூன்கள். வரிசையில் நிற்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாகக் காலை, மதியம், மாலை வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கட்டில் உதிர வழியே இல்லை.

வரிசையில் தினமும் கடைசியாக ஒரு அம்மாள் நிற்பாள். கையில் பித்தளைத் தூக்கு. அவள் முறை வந்ததும் கவுண்டரில் குனிந்து, "தங்கபுஷ்பம் இருக்காளா?" என்று கேட்பாள். புலவர் கண்ணைத் திறக்காமல் "இருக்கிறாள்" என்பார். அவள் தூக்கை வைத்துவிட்டுப் போவாள்.

"யாரும்மா தங்கபுஷ்பம்? ஆத்தாவா, பொண்ணா?" என்று ஒருநாள் கஸ்பார் கேட்டுவிட்டான்.

"நாந்தான் அண்ணாச்சி. உள்ள கண்ண மூடி உக்காந்திருக்காகளே, அவுக வீட்டுக்காரி." அவள் குரலில் அழுகை இல்லை, அழுது முடித்த குரல். "மொதல்ல எங்க ஊர் பேர் போச்சு. பொறவு அவுக பாடுன பாட்டெல்லாம் போச்சு. ஒருநாள் வீட்டுக்கு வந்து, 'நீங்க எந்தச் சரக்குக்கு வந்திருக்கீக?'ன்னு என்னையவே கேக்காக. அன்னையிலேருந்து நானும் வரிசையில நிக்கேன். நெதமும் கேட்டு வச்சாத்தான் ராத்திரி வீட்டுல அடையாளம் தெரியுது."

தன் இன்ஜினும் இந்த அம்மாளும் ஒரே தலைக்குள் இடத்துக்கு முண்டிக்கொண்டு கிடப்பதை நினைத்தால் அவனுக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. மறுநாளிலிருந்து வரிசையில் அவளைத் தனக்கு முன்னால் விட்டான்.

கிறிஸ்துமஸ் போய் தை பிறந்தது. வாரியம் புலவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. விழா நாளில் கவுண்டர் மூடல். செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்: "தன்னை மறந்தார், தமிழை மறந்தார், தாரத்தை மறந்தார், தலைவர் வீட்டுக் கட்டிலை மறந்தாரா? மறக்கவில்லை! இதுவன்றோ தொண்டு! இத்தகைய மாமனிதரை ஒரு நாளும் நாங்கள் ஓய விடமாட்டோம்!" ஒவ்வொரு பிரிவாக மேடையேறிப் பொன்னாடை போர்த்தியது. பொன்னாடை வாரியச் சொத்து. வாரியச் சொத்து சேமக்கிடங்கில் சேர வேண்டும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் பியூன் மணியடித்தார், புலவர் பொன்னாடைக் குவியலுக்கு உள்ளிருந்து "ஏற்றேன், ஏற்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாலைகள் தனிச் சரக்கு. ரோஜா மாலை ஒரு வகை, சம்பங்கி மாலை ஒரு வகை.

வாசலில் நின்ற வரிசைக்கு ஒவ்வொரு மணியும் நெஞ்சில் விழுந்தது. "யோவ், போதும்யா! துணிய நிறுத்துங்கய்யா!" என்று ரஹீமுன்னிசா கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினாள். மகிழ்ச்சியில் மக்கள் ஆர்ப்பரிக்கிறார்கள் என்று செயலாளர் மைக்கில் அறிவித்தார்.

மறுநாள் காலை கஸ்பார் கேட்டான். புலவர் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"இல்லை."

"சரியா பாருங்க சாமி. கஸ்பார். இன்ஜினு. நீல சிலுவ போட்டது."

"அப்படி ஒன்று இல்லை."

ரஹீமுன்னிசாவின் மிஷினும் இல்லை. அவள் கவுண்டர் பலகையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அன்று பிந்தி, கடைசியில் வந்த அம்மாள், "தங்கபுஷ்பம் இருக்காளா?" என்றாள். புலவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். "யார் அது?" என்றார். கேலியில்லை, கோபமில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கஸ்பார் எண்ணூருக்குக் கிளம்பினான். முகத்துவாரத்துக் காற்றில் கிடங்கின் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காவலாளி லியாகத் அலி நல்ல மனுஷன். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நீலச் சிலுவையோடு இன்ஜின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. மேலே கூரையில் ஓட்டை. பிரிந்த பிள்ளையைப் பார்த்ததுபோல் கஸ்பார் அதைக் கட்டிக்கொண்டான்.

"எட்துகினு போட்டுமா பாய்?"

"இன்னாத்த எட்துகினு போவ? ராயபுரத்துல இல்லன்ட்டாங்களே."

"தோ கீதே! நீயே தொட்டு பாரேன்!"

"கண்ணுல தெரீது மாமு. தெரிஞ்சா போதுமா? ஒடம்பு வந்துச்சு, வார்த்த வரல. வார்த்த வராத சாமான குடுத்தா என் வேல பூடும். வூட்ல அஞ்சு உருப்படி கீது." லியாகத் அலி குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு கேளு. வர்ற திங்கக்கெயம தலைவரு பாக்க வர்றாராம். வார்த்த இல்லாத ஒடம்பெல்லாம் முகத்துவாரத்துல தள்ளிட சொல்லி ஆர்டரு. அதுக்குள்ள எதனா பண்ணு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சரக்கைக் கையில் வைத்திருந்த சாமியே பூசாரியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. கஸ்பார் ஓட்டமும் நடையுமாக ராயபுரம் திரும்பிச் செயலாளர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். இன்னொரு தடவை மணியடித்து ஏற்றிக்கொள்ளச் சொன்னான்.

"ஏற்றலாம். இன்ஜினைக் கொண்டுவாருங்கள்."

"அது எண்ணூர்ல கீது சார்."

"எண்ணூரில் இருப்பதாகப் புலவர் சொல்லவில்லையே. இல்லாததை எப்படி எடுத்து வருவீர்கள்? எடுத்து வராததை எப்படி ஏற்பது?" செயலாளர் கனிவோடு சிரித்தார். "தம்பி, ஒன்று சொல்கிறேன். கிடங்கும் நினைவும் முரண்பட்டால், தவறு கிடங்கின்மேல்தான். நினைவு வாரியத்தின் சாதனை. கிடங்கு வெறும் கட்டடம். கிடங்கைத் திருத்தத்தான் திங்கட்கிழமை ஆள் விட்டிருக்கிறேன்."

வெளியே வந்த கஸ்பாருக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. படிக்கட்டில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான்.

"அண்ணாச்சி, எங்க ஊர்ல அவதானம் முடியுறத நீங்க பாத்ததில்லையே?" என்றாள் அவள். "நாந்தான் பின்னால உக்காந்திருப்பேன், மணிய வச்சிக்கிட்டு. எல்லாம் சொல்லி முடிச்ச ஒடனே மூணு தட்டுத் தட்டி, தண்ணி குடுத்து, 'போதும், எறக்கி வையிங்க'ம்பேன். அம்புட்டும் விழுந்துரும். பொறவு பிள்ள மாதிரி தூங்குவாக. எறக்கி வைக்கலன்னா மனுசன் என்னத்துக்கு ஆவாக? இங்க வந்த அன்னைக்கே மணிய பியூன் வாங்கிக்கிட்டாரு. இந்த மூணு மாசமா ஏத்துறாக, ஏத்துறாக, எறக்கவே விடல."

"அப்ப எல்லாருதும் பூடுமேம்மா?" என்றாள் பக்கத்தில் வந்து நின்ற ரஹீமுன்னிசா.

"போவும் தாயி. எனக்கு அவுக வேணும்."

ரஹீமுன்னிசா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "நம்முது ஏற்கனவே பூட்ச்சி. இன்னா இப்போ?" என்றாள்.

சனிக்கிழமை காலை வரிசையில் மூன்று பேரும் முன்னால் நின்றார்கள். ரஹீமுன்னிசா பியூனிடம் தன் மிஷினைக் கேட்டுச் சண்டைக்கு நின்றாள். அது நடிப்பில்லை, நெஞ்சிலிருந்து வந்த வசவு. பியூன் காதைப் பொத்துவதற்காக மணியிலிருந்து கையை எடுத்தார். கஸ்பார் கம்பி இடுக்கில் கைவிட்டு மணியை எடுத்துத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தான். அவள் மூன்று தட்டுத் தட்டினாள். தூக்கைத் திறந்து தண்ணீரை நீட்டினாள்.

"போதும். எறக்கி வையிங்க."

புலவர் தண்ணீரை வாங்கிக் கடகடவென்று குடித்தார். தோள் இரண்டும் தொங்கின. கண்ணைத் திறந்து கவுண்டரை, வரிசையை, தன் மேலிருந்த பொன்னாடையை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"புஷ்பம்," என்றார். "பசிக்குது."

அவள் அங்கேயே நின்று ஓவென்று அழுதாள். அவர் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தார். இரண்டு பேரும் சென்ட்ரல் பக்கம் நடந்து போனார்கள். அப்புறம் அவர்களை யாரும் ராயபுரத்தில் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் வாரியம் கிடுகிடுத்தது. விதிப்படி நினைவில் இல்லாத உடம்பையெல்லாம் முகத்துவாரத்தில் தள்ள வேண்டும். இப்போது நினைவில் எதுவுமே இல்லை. தள்ளினால் தலைவர் மாமியாரின் கட்டிலையும் சேர்த்துத் தள்ள வேண்டும். கட்டிலை மட்டும் விட்டால் நினைவைவிடக் கிடங்கு பெரிது என்று ஆகிவிடும். செயலாளர் அறையைச் சாத்திக்கொண்டு யோசித்தார். சாயங்காலம் நிருபர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்: "எண்ணூர்க் கிடங்கு இன்று முழுவதும் காலி! பதில் சொல்ல வேண்டிய சரக்கு ஒன்றுகூடப் பாக்கி இல்லாத வாரியம் இந்தியாவிலேயே எங்களுடையதுதான். காலியான கிடங்கிலிருந்து தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால், திங்கட்கிழமை வேலையும் ரத்து செய்யப்படுகிறது!"

செய்தி காற்றாகப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கஸ்பாரும் ஹில்டாவும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு எண்ணூர் போனார்கள். அவர்களுக்கு முன்னாலேயே பாதி ராயபுரம் அங்கே இருந்தது. மாமியாரின் கட்டிலை யாரோ நாலு பேர் பாடை தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்கள். ரஹீமுன்னிசா மிஷினை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். லியாகத் அலி கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"பாய்..." என்றான் கஸ்பார்.

"உள்ள ஒண்ணியும் இல்ல மாமு. காலின்னு ஆபீஸே சொல்லிச்சு. போய் எட்துக்கோ."

எடுத்துக்கொண்டார்கள். வண்டியில் ஏற்றும்போதே ஹில்டாவின் கையெல்லாம் சிவப்பாயிற்று. முதலில் கை கிழிந்துவிட்டது என்று நினைத்தாள். உப்பளத்துச் சாலையில் வண்டியை நிறுத்தி, கஸ்பார் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தான். அசையவில்லை. காலை முட்டுக்கொடுத்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. மூன்று மாத மழையும் முகத்துவாரத்து உப்பும் உள்ளே புகுந்து இரும்பை இரும்போடு ஒட்டவைத்திருந்தன. டீசல் போகிற வழியாகத் துருத்தண்ணீர் சொட்டியது. இனி அது பழைய இரும்புதான்.

ஹில்டா முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"வூட்டுக்கு வேணாம்யா," என்றாள். "ஆபீசாண்ட இஸ்துகினு போலாம்."

ராயபுரம் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் புது அவதானிக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் முதுகில் பியூன் நெல்லை எறிந்துகொண்டிருந்தார். செயலாளர் எண்ணிக்கொண்டிருந்தார். கஸ்பாரும் ஹில்டாவும் இன்ஜினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து, மெத்தை வைத்த நாற்காலியில் இறக்கினார்கள். நாற்காலி முனகியது. மெத்தையில் சிவப்பாக ஊறியது.

"என்ன இது? இன்ஜினை எதற்கு உள்ளே கொண்டுவந்தீர்கள்?" என்று செயலாளர் எழுந்தார்.

"இன்ஜினு இல்ல சார்," என்றான் கஸ்பார். "ஒடம்பு. ஒடம்ப நானே எண்ணூர்லேந்து இஸ்துகினு வந்துட்டேன். உயிரு ஒங்ககிட்ட பத்திரமா கீதுன்னு சொன்னீங்க இல்ல? அத்த குடுங்க, போறோம்."

செயலாளர் பியூனைப் பார்த்தார். பியூன் மணியைப் பார்த்தார். கண்ணை மூடியிருந்த தேர்வுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

"நிதானமா தேடி குடு," என்று சொல்லி, ஹில்டா கவுண்டருக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நாங்க குந்திகினு கீறோம்."